போடியார் மகள் ஏன் வீட்டை விட்டு ஓடமாட்டாள்: சரித்திரக் காதல் நாவலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் ஒரு நாவலின் கையெழுத்துப் பிரதியை வாசித்தேன். 1880களில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் நடக்கும் காதல் கதை. நாயகி பெரிய போடியார் ஒருவரின், அதாவது வயற்காணிச் சொந்தக்காரர் ஒருவரின் மகள். வாசிக்கத் தெரிந்தவள், யாருக்கும் அடங்காதவள். பிடிக்காத மாப்பிள்ளையைக் கட்டச் சொன்னதும் நள்ளிரவில் அப்பாவின் வீட்டை விட்டு வெளியேறுகிறாள். எழுத்தில் நல்ல ஓட்டம் இருந்தது. ஆனால் அந்தக் காட்சியில் கதை மட்டக்களப்பை விட்டே போய்விட்டது. அது அப்பாவின் வீடு இல்லை. அம்மாவின் வீடு, கலியாணத்தோடு அவளுக்கே வரப்போகிற வீடு. அவள் ஏன் ஓடுவாள்?

நம் பக்கத்து மேல்குடிப் பெண்ணை வைத்து எழுதுகிறவர்கள் அடிக்கடி செய்யும் பிழை இதுதான். வேறு ஊர்க் கதைகளில் வாசித்த கலகக்காரியைக் கொண்டுவந்து போடியார் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். அங்கே பெண்ணுக்கு வீடில்லை, காணியில்லை. அவள் கோபம் அதிலிருந்து பிறக்கிறது. இங்கே கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். தமிழ்நாட்டில் ‘வீட்டோடு மாப்பிள்ளை’ என்றால் இளக்காரம். எங்களுக்கு அதுதான் வழமை, தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும். ஆகவே புகுந்த வீட்டு மாமியார் கொடுமையை வைத்துக் கதை பின்னினால் எங்கள் வாசகர் முதல் அத்தியாயத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

அப்படியென்றால் அவளை நெருக்குவது யார்? அம்மா, அம்மாவின் அண்ணன் தம்பிமார், பின்னால் வரிசையாக நிற்கும் தங்கைகள். திறப்புக் கோர்வையை, அதாவது சாவிக்கொத்தை, மடியில் வைத்துக்கொண்டு அம்மா அமைதியாகச் சொல்கிறாள் என்று வையுங்கள்: “உனக்கு வேணாமெண்டா வீட்ட தங்கச்சிக்குக் குடுப்பம். மறுகா நீ எங்க இருப்பாய் புள்ள?” கத்தலும் இல்லை, அடியும் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு அவளால் பதில் சொல்ல முடியாது. சீதனமாக வருகிற வீடும் வயலும் அவளுக்குப் பலம். அவளைக் கட்டிப்போடுகிற கயிறும் அதுவே. காதல் கதைக்கு இதைவிட நல்ல முடிச்சு எனக்குத் தெரியாது.

அடுத்தது குடி, அதாவது குலம். என் பெத்தா (பாட்டி) புதிதாக யாரையும் கண்டால் பெயருக்கு முன்னால் “என்ன குடி?” என்றுதான் கேட்பா. குடி தாய்வழியில் வருவது. காலிங்கா குடிப் பெண்ணின் பிள்ளைகள் எல்லாரும் காலிங்கா குடி. தகப்பன் எந்தக் குடியானாலும் சரி. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை, அவர்கள் அண்ணன் தங்கை முறை. நாயகனையும் நாயகியையும் பிரிக்க பணக்காரன் ஏழை என்ற பழைய சுவரைத் தேடி ஓட வேண்டியதில்லை. இருவரின் தாய்மாரும் ஒரே குடி என்று ஒரு வரி போதும், வாசகருக்கு நெஞ்சு பதறும்.

குடியின் கனம் கோயிலில்தான் வெளிச்சமாகத் தெரியும். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பதவி பழைய வழமைப்படி மாமனிடமிருந்து மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்குப் போகும். ஆகவே நாயகி கலியாணம் வேண்டாம் என்று சொன்னால், அண்ணனுக்குப் பின் அந்தப் பதவிக்கு வருவது யார் என்ற கேள்வி எழும். அண்ணன் பதறுவதற்கு அன்பு, மானம் தவிர இப்படி ஒரு காரணமும் உண்டு. இதைத் தெரியாமல் எழுதினால் அண்ணன் வெறும் வில்லனாகிவிடுவார்.

சட்டத்தில் தடுமாறாதவர்கள் குறைவு. ஈழத்து நாவல் என்றதும் தேசவழமைச் சட்டத்தைக் கொண்டுவருகிறார்கள். அது வடமாகாணத் தமிழருக்கானது, இங்கே செல்லாது. எங்கள் பக்கத்தில் இருந்தது முக்குவர் சட்டம். அதில் முதுசம், அதாவது பரம்பரைச் சொத்து, தாய்வழியில், மருமக்களுக்குப் போனது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் வந்ததும் தமிழருக்கு அந்த ஏற்பாடு இல்லாமல் போனது. புதிய சட்டத்தில் கலியாணம் முடித்த பெண்ணின் காணி அவளுடைய தனிச்சொத்து. ஆனால் அதை விற்கவோ உறுதி எழுதிக் கொடுக்கவோ புருஷனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். மரணசாசனம் எழுத மட்டும் அது வேண்டாம். இந்தக் கட்டு 1923இல் வந்த சட்டத்தால்தான் அவிழ்ந்தது. உங்கள் கதை 1870இல் நடக்கிறதா, 1900இல் நடக்கிறதா என்பதை முதல் பக்கத்துக்கு முன்பே தீர்மானித்துவிடுங்கள். வீடு அவளுடையது, வீட்டை விற்கும் கையெழுத்து அவளுடையது மட்டும் இல்லை. இதை வைத்தே ஒரு நாவல் எழுதலாம்.

காலப் பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். 1924இல் திறந்த கல்லடிப் பாலத்தில் 1890இல் யாரும் வில்வண்டி ஓட்ட முடியாது, தோணிதான். மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல். சிலோனில் தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1867இல், ஆகவே 1840இன் போடியார் வீட்டில் விருந்தாளிக்குத் தேத்தண்ணி ஊற்றாதீர்கள். அம்பாறை மாவட்டம் பிரிந்தது 1961இல். திருக்கோவிலோ காரைதீவோ அதற்கு முந்திய கதைகளில் மட்டக்களப்புதான்.

பேச்சைக் கொஞ்சம் கவனியுங்கள். ‘ஜமீன்’ இங்கே கிடையாது. போடியார், உடையார், வன்னிமை என்றுதான் இருந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சையும் அப்படியே எடுத்துப் போட வேண்டாம். “என்னகா” என்று தோழி கூப்பிடுவதில் உள்ள நெருக்கத்தை வேறு எந்தச் சொல்லாலும் கொண்டுவர முடியாது. அதற்காக ஒவ்வொரு வரியிலும் ‘மறுகா’ (பிறகு) போட்டாலும் சலித்துவிடும்.

இன்னொன்று எனக்கு மிகவும் உறுத்துவது. நாயகி துணிச்சல்காரி என்று காட்ட, இன்றைய மேடைப் பேச்சை அவள் வாயில் வைக்கிறார்கள். அவளுக்கு அவளுடைய சொற்களே இருக்கின்றன. வைகாசியில் அம்மன் கோயில் கதவு திறந்து, குளுத்திச் சடங்கு வரைக்கும் கண்ணகி வழக்குரைப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவள் அவள். அரசன் முன்னால் தனியே நின்று நியாயம் கேட்ட ஒருத்தியைத் தெய்வமாகக் கும்பிடும் ஊர் இது. எதிர்த்துப் பேச அவள் வெளியில் போய்க் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. படிப்பும் அப்படித்தான். மெதடிஸ்த மிஷன் 1814இலேயே இங்கே வந்துவிட்டது. மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவில் 1820இலிருந்து பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு. எழுத வாசிக்கத் தெரிந்த நாயகி அதிசயம் இல்லை. அனுப்பினால் வேதத்துக்கு (கிறிஸ்தவத்துக்கு) மாறிவிடுவாளோ என்ற வீட்டாரின் பயத்தை எழுதுங்கள், அதில் கதை இருக்கிறது.

போடியார் வீட்டு நெல் தானாக விளையவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். வட்டையில் (வயல்வெளியில்) வாடி என்ற குடிசை போட்டுக் கிடந்து பயிர் பார்த்த முல்லைக்காரருக்குப் பெயரும் குடும்பமும் கொடுங்கள். அவர்கள் இல்லாமல் அவளுடைய சீதனக் காணி வெறும் வரம்புதான்.

அந்தக் கையெழுத்துப் பிரதி போன கிழமை திரும்பி வந்தது. நள்ளிரவுக் காட்சியை முழுக்க மாற்றியிருந்தார். இப்போது அவள் வெளியே போவதில்லை. மாப்பிள்ளை வீட்டார் வளவுக்குள் வந்து நிற்கும்போது, அம்மாவின் மடியிலிருந்த திறப்புக் கோர்வையை எடுத்துக்கொண்டு உள்ளே போய், கதவைத் தாழிட்டுக்கொள்கிறாள்.