ஊசிக்கு முன்னால் இரண்டு காலைப் பரிசோதனை

எனக்கு வயது 54. சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயில் தண்டவாளப் பராமரிப்பில் இரவு வேலை. இரண்டு வருடத்துக்கு முன்பு உட்கார்ந்த இடத்தில் தூக்கம், எடை 96 கிலோ, மனைவி பக்கத்தில் இருந்தாலும் நாட்டமில்லை. ஒரு தனியார் மருந்தகத்துக்குப் போனேன். சாயங்காலம் நாலு மணி, புரோட்டா தின்று கை கழுவிய ஈரம்கூடக் காயவில்லை, ரத்தம் எடுத்தார்கள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் லிட்டருக்கு 9 நானோமோல். குறைவு, உடனே ஹார்மோன் ஊசியைத் தொடங்கலாம் என்றார்கள். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று நழுவிவிட்டேன்.

நழுவியது நல்லதாய்ப் போயிற்று. இந்த ஹார்மோன் காலையில் ஏறி, பகல் போகப் போக இறங்கும். சாப்பிட்டாலும் இறங்கும். அதனால் வெறும் வயிற்றில், காலை 10 மணிக்குள், இரண்டு வெவ்வேறு நாளில் பார்க்க வேண்டும். சர்க்கரை குறைத்த கோப்பி சியூ டாய்கூட வேண்டாம், தண்ணீர் போதும். இரவு வேலைக்காரர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் ஒரு வாரம் லீவு போட்டு, ஊரோடு ஒத்துத் தூங்கிவிட்டுத்தான் அரசாங்கப் பலதுறை மருந்தகத்துக்குப் போனேன். வந்தது 13.1, அடுத்த முறை 12.4. ஊசிக்கு வேலையே இல்லை.

அப்புறம் ஏன் சோர்வு? "என்னங்க, இவர் குறட்டை நடுவில் நின்றுபோகும், நான் எழுந்து மூக்கில் கைவைத்துப் பார்ப்பேன்" என்று மனைவி மருத்துவரிடம் போட்டுடைத்தாள். தூக்கப் பரிசோதனையில் மூச்சுத் தடை தெரிந்தது. இப்போது காற்று செலுத்தும் கருவியின் முகமூடியை மாட்டித் தூங்குகிறேன். எடை 87. தொப்பை குறைந்தாலே இந்த ஹார்மோன் ஓரளவு ஏறும். தொப்பை உள்ள சர்க்கரை நோயாளிகளும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு காலையும் குறைவாகவே வந்தால்? என் மச்சானுக்கு அப்படித்தான். எல்ஹெச், புரோலாக்டின் என்ற வேறு இரண்டு ஹார்மோன்களையும் ரத்தத்தில் பார்த்தார்கள். கோளாறு விரையிலா, மூளையடிச் சுரப்பியிலா என்று அதில்தான் தெரியும். மருந்து தொடங்கும் முன் புரோஸ்டேட் சுரப்பிக்கு பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை, ரத்தம் கெட்டியாக இருக்கிறதா என்று ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு. தொடங்கிய பிறகும் சில மாதங்களில் மறுபடி பார்ப்பார்கள். ஹீமட்டோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்திவைப்பார்கள். பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், வெளியிலிருந்து ஹார்மோன் போனால் விந்தணு உற்பத்தி படுத்துவிடும்.

பலதுறை மருந்தகத்திலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு அரசாங்க மருத்துவமனை நிபுணரைப் பார்த்தால் மானியம் உண்டு. கடையில் விற்கும் தொங்காட் அலி மூலிகைக் கோப்பி, 'ஆண்மை' மாத்திரை பக்கம் போகாதீர்கள். அப்படிப்பட்ட சிலவற்றில் விறைப்பு மருந்தைச் சொல்லாமல் கலந்திருப்பதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பல முறை எச்சரித்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர் அதைக் குடித்தால் ரத்த அழுத்தம் சடாரென்று விழும்.

ஊசி என்றால் நீண்டகால வகை 10 முதல் 14 வாரத்துக்கு ஒரு முறை. மச்சான் ஜெல் கேட்டு வாங்கினார். தினமும் காலையில் தோளில் தடவி, காயவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தடவிய இடம் பெண்கள், குழந்தைகள் மேல் படக்கூடாது. அவர் வீட்டில் எப்போதும் வெறும் மேலோடு திரிகிறவர். இப்போது பேத்தி வாசலில் சத்தம் கொடுத்தாலே ஓடிப்போய்ச் சட்டை மாட்டுகிறார்.