ஓசூர்ல பேச்சிலர் வீடு புடிக்கிறது எப்படி

சிப்காட்ல வேலைன்னு ஓசூர் வர்ற தம்பிங்களா, மொத நாளே புரோக்கர்கிட்ட போயிடாதீங்க, ரெண்டு வாரம் ஃப்ரெண்டு ரூம்ல ஒட்டிக்கிட்டு சாயங்காலம் தெருத்தெருவா டூ-லெட் போர்டு பாருங்க, டீக்கடைல கேளுங்க. பெங்களூர் பக்கம்கிறதால பத்து மாச அட்வான்ஸ் கேப்பாங்க, என்கிட்டயும் கேட்டாங்க (சம்பளமே வரல, எங்க போறது). நம்ம தமிழ்நாட்டு 2017 வாடகை சட்டப்படி மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது, ஆனா அக்ரிமெண்ட்ல வேற மாதிரி எழுதிட்டா அதுதான் செல்லும், அதனால கையெழுத்துக்கு முன்னாடியே பேசிடுங்க. அந்த அக்ரிமெண்ட்ட வாடகை அதிகாரிகிட்ட பதிவும் பண்ணச் சொல்லுங்க. தனி கரண்ட் மீட்டர் இருக்கா, தண்ணி உப்பான்னு பாத்துக்கோங்க. "பேச்சிலருக்கு இல்லப்பா"ன்னா அம்மாவ ஒருதடவ கூட்டிட்டு போங்க, எனக்கு அப்படித்தான் கிடைச்சுது.