நாலு நிமிடத்தில் உறைந்துபோன ஸ்டூடியோ மானிட்டர்

தொகுப்பாளர் பார்க்கும் நெட்வொர்க் மானிட்டரில் படம் நன்றாக வரும். நாலு நிமிடம் தாண்டியதும் உறைந்துவிடும். சோர்ஸை மறுபடி தேர்வு செய்தால் திரும்ப ஓடும், அப்புறம் அதே கதை. கேபிள், ஃபர்ம்வேர், வேறு மானிட்டர் என்று மாற்றிப் பார்த்தே மூன்று நாள் போனது.

கடைசியில் ஸ்டாப்வாட்ச் வைத்தேன். ஒவ்வொரு முறையும் சரியாக 260 விநாடி! கேபிள் கோளாறு இப்படிக் கணக்காக வராது. மல்டிகாஸ்ட் குழுவில் (ஒரே படத்தைக் கேட்டுப் பெறும் சாதனங்களின் குழு) யார் இருக்கிறார்கள் என்று நெட்வொர்க் ஸ்விட்ச் நினைவில் வைத்திருக்கும் இயல்பு நேரம் அதுதான்: 125 விநாடிக்கு ஒரு விசாரிப்பு, அதன் இருமடங்கு, கூட 10. கேட்ட சாதனத்துக்கு மட்டும் படத்தை அனுப்ப உதவும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் வசதி ஸ்விட்சில் இயங்கியது, ஆனால் விசாரிக்க வேண்டிய க்வெரியர் எங்குமே இல்லை. விசாரிப்பு வராததால் மானிட்டர் பதில் சொல்லவில்லை; நேரம் முடிந்ததும் ஸ்விட்ச் அதை மறந்து படத்தை நிறுத்திவிட்டது. முதன்மை ஸ்விட்சில் க்வெரியரை இயக்கினேன். அதற்குப் பிறகு படம் ஒருமுறைகூட நிற்கவில்லை.