டி அண்ட் டி: சின்ன மந்திரங்களால் எதிரியின் டர்னைத் திருடுவது எப்படி?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டில் புதிதாக விஸார்டோ டிரூயிடோ (இரண்டும் மந்திரம் போடும் பாத்திரங்கள்) எடுத்தவர்கள் முதலில் பார்ப்பது எந்த மந்திரம் எத்தனை டைஸ் சேதம் தரும் என்பதைத்தான். தொடக்க லெவல்களில் அது கட்டுப்படியாகாத கணக்கு. முதல் லெவல் விஸார்டிடம் இருப்பதே இரண்டு ஸ்லாட், அதாவது இரண்டு முறை மந்திரம் போடும் வாய்ப்பு. அதையும் சேதத்துக்கே கொட்டினால், வாள்காரர் ஓசியில் செய்கிற வேலையை நீங்கள் காசு கொடுத்துச் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

எதிரியிடம் ஒரு சுற்றில் இருப்பது நகர்வு, ஒரு ஆக்‌ஷன், ஒரு ரியாக்‌ஷன். ரியாக்‌ஷன் என்றால் மற்றவர் செயலுக்குப் பதிலாகச் செய்வது. இவற்றில் எதைப் பிடுங்கலாம் என்று யோசித்து மந்திரத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் இங்கே விஷயம். டைஸ், சேவிங் த்ரோ (தாக்கத்திலிருந்து தப்ப உருட்டும் பகடை, சுருக்கமாகச் சேவ்), ஸ்லாட் எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். விதிகள் 2014 பதிப்பின்படி. 2024-ல் மாறியது கடைசியில்.

படி 1: அட்டை எழுதுங்கள்

ஒரு மந்திரத்துக்கு ஓர் அட்டை, கையால். செயலியில் தேடிக்கொண்டிருந்தால் உங்கள் முறை வரும்போது மேசையே கொட்டாவி விடும். அச்சடித்த அட்டைகள் அழகுதான், ஆனால் எழுத்து பொடி. உங்கள் அட்டையில் தூரம், ஆக்‌ஷனா போனஸ் ஆக்‌ஷனா, கான்சன்ட்ரேஷன் (கவனம் கலையாமல் காக்க வேண்டிய, ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே ஓட்டக்கூடிய நிலை) உண்டா என்பவை போதும். அதோடு, விளக்கத்தில் "நீங்கள் பார்க்கக்கூடிய" என்ற சொல் வருகிறதா என்று பார்த்துச் சிவப்பில் குறியுங்கள். மூன்றாம் படியில் எல்லாமே அந்தச் சிவப்புக் குறியில்தான் நிற்கிறது.

படி 2: கிரீஸ், வழியை அடைக்க

தரையை வழுக்கலாக்கும் முதல் நிலை மந்திரம், 60 அடி தூரம், 10 அடிச் சதுரம், ஒரு நிமிடம். கான்சன்ட்ரேஷன் கிடையாது, அதனால் இன்னொரு மந்திரத்தோடு சேர்த்து ஓட்டலாம். திறந்தவெளியில் போட்டால் எதிரி சுற்றிக்கொண்டு வந்துவிடுவான். 10 அடி அகல நடைபாதையில் போடுங்கள்.

30 அடி வேகமுள்ள ஒரு காவலாளி என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம். 10 அடி ஓடி வந்து எண்ணெய்ப் பரப்பின் முதல் கட்டத்தில் கால் வைக்கிறான். கடினத் தரை, அதனால் அந்த 5 அடிக்கு 10 அடி செலவு. டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சேவில் தோற்று விழுகிறான். மீதி 10 அடி. எழுந்திருக்கப் பாதி வேகம், அதாவது 15 அடி வேண்டும். தவழலாம் என்றால் கடினத் தரையில் தவழ 5 அடிக்கு 15 அடி போகும். இரண்டும் முடியாது. ஆக்‌ஷனைச் செலவழித்து டாஷ் (இன்னொரு வேக அளவு ஓட்டம்) எடுத்தால் தாண்டிவிடுவான், ஆனால் அந்த டர்னில் யாரையும் அடிக்க முடியாது. எப்படிப் பார்த்தாலும் ஒரு டர்ன் உங்கள் பையில்.

புதியவர்கள் சறுக்குவது இதற்கு அடுத்த நொடியில். விழுந்து கிடப்பவனை 5 அடிக்குள் நின்று அடித்தால்தான் அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுப்பது). தூரத்திலிருந்து அம்பு விட்டால் டிஸ்அட்வான்டேஜ் (தாழ்ந்ததை எடுப்பது). குழுவில் எல்லோரும் வில்லாளிகள் என்றால் கிரீஸ் உங்களுக்கே எதிரி.

பற்ற வைக்கலாமா என்ற கேள்வி ஓயாமல் வருகிறது. எரியும் என்று மந்திரத்தில் எழுதியில்லை. எழுதாததைச் செய்வதும் செய்யாததும் டி.எம். (ஆட்டத்தை நடத்துபவர்) பாடு.

படி 3: ஃபாக் கிளவுட்

இங்கேதான் நிதானம் வேண்டும். இருபதடி ஆரமுள்ள மூடுபனி, 120 அடி தூரம் வரை, ஒரு மணி நேரம் வரை, கான்சன்ட்ரேஷன் உண்டு. "மூடுபனிக்குள் போனால் எங்களை அடிக்க முடியாது" என்று நினைத்துத் தன் குழுவின் மேலேயே போடுவது வழக்கமான தப்பு.

விதியைப் பிரித்துப் பாருங்கள். இலக்கைப் பார்க்க முடியாமல் அடித்தால் டிஸ்அட்வான்டேஜ். அடிப்பவனை இலக்கால் பார்க்க முடியாவிட்டால் அட்வான்டேஜ். பனிக்குள் இருவருக்குமே கண் தெரியாது, ஆக இரண்டும் கழிந்து சாதாரண உருட்டல் ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது வேறு, ஒளிந்திருப்பது வேறு என்பதையும் மறக்கக் கூடாது. ஹைட் ஆக்‌ஷன் எடுக்காதவரை நீங்கள் எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள் என்பது எதிரிக்குத் தெரியும்.

அப்புறம் எதற்கு இந்த மந்திரம்? மூன்று காரணம்.

தப்பி ஓட. ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் (ரியாக்‌ஷனில் அடிப்பது) செய்ய, விலகிப்போகிறவரைக் கண்ணால் பார்க்க வேண்டும். பனியில் அது முடியாது. டிஸ்எங்கேஜ் (அடி வாங்காமல் விலகும் ஆக்‌ஷன்) எடுக்காமலே நான்கு பேரும் முழு வேகத்தில் நழுவலாம். எதிரிகளின் ரியாக்‌ஷன் எல்லாம் ஒரே ஸ்லாட்டில் காலி.

எதிரி மந்திரவாதியின் கண்ணைக் கட்ட. மேஜிக் மிஸைல், ஹோல்ட் பெர்சன், கவுன்ட்டர்ஸ்பெல் எல்லாவற்றுக்கும் பார்வை வேண்டும். ஃபயர்பாலுக்கு வேண்டாம்! ஓர் இடத்தைக் குறிவைத்தால் போதும். பனிக்குள் எல்லோரும் கும்பலாக நின்றால் அதுவே பொறி.

அட்வான்டேஜைக் கழிக்க. எதிரிக்கு ஏதோ ஒரு வழியில் அட்வான்டேஜ் கிடைத்துக்கொண்டிருந்தால் பனி அதைத் தின்றுவிடும்.

உங்கள் பக்கம் சிவப்புக் குறியை இப்போது எடுங்கள். ஹீலிங் வேர்டுக்குப் பார்வை வேண்டும், பனிக்குள் விழுந்த தோழரை அதால் எழுப்ப முடியாது. தொட்டுக் குணமாக்கும் க்யூர் வூண்ட்ஸ் வேலை செய்யும். இடம் தாவும் மிஸ்டி ஸ்டெப்பும் கைவிடும், போகிற இடம் தெரிய வேண்டுமே. வௌவால் மாதிரி பிளைண்ட்சைட் (கண்ணில்லாமலே உணரும் திறன்) உள்ள பிராணிகளுக்குப் பனி ஒரு பொருட்டே இல்லை. இருட்டில் பார்க்கும் டார்க்விஷனுக்கு மட்டும் பனி பெப்பே காட்டும்.

எங்கே போடுவது? தூரத்தில் நிற்கும் எதிரி வில்லாளிகளின் நடு மையத்தில். வெளியே வர 20 அடி நடக்க வேண்டும், வருகிற விளிம்பில் உங்கள் வாள்காரர் நிற்கட்டும். ஓர் அங்குலத்துக்கு 5 அடி என்ற வரைபடத்தில் 8 அங்குல விட்டமுள்ள கம்பி வளையம் ஒன்று வளைத்து வைத்துக்கொண்டால் "நான் உள்ளேயா வெளியேயா" என்ற சண்டை வராது. கட்டம் போட்ட வரைபடம் இல்லாமல் வாய்மொழியாக ஆடும் மேசைகளில் இந்த மந்திரத்தை எடுக்காமல் இருப்பதே நல்லது.

படி 4: ஹீட் மெட்டல், கவசக்காரருக்கு

பார்டுக்கும் டிரூயிடுக்கும் உள்ள இரண்டாம் நிலை மந்திரம். உலோகக் கவசத்தைச் சூடேற்றினால் 2டி8 (இரண்டு எட்டுமுகப் பகடை) சேதம், அந்தச் சேதத்துக்குச் சேவ் கிடையாது. அடுத்தடுத்த டர்னில் போனஸ் ஆக்‌ஷனால் மறுபடியும். மந்திரம் ஒரு நிமிடம் நிற்கும், பிளேட் கவசத்தைக் கழற்ற 5 நிமிடம் ஆகும். கழற்றித் தப்பிக்க வழியே இல்லை.

சேதத்தைவிட முக்கியமானது இன்னொன்று. பொருளைக் கீழே போடாதவருக்கு அட்டாக்கிலும் எபிலிட்டி செக்கிலும் (திறமையைச் சோதிக்கும் உருட்டல்) டிஸ்அட்வான்டேஜ். உடுத்திய கவசத்தைச் சட்டென்று கீழே போட முடியாது என்பதால் பொருளை விடாமல் வைத்திருக்கப் போடும் கான்ஸ்டிடியூஷன் (உடலுறுதி) சேவில் ஜெயித்தாலும் அவருக்கு அதே கதி. கிராப்பிள் (பிடிப்பது), ஷவ் (தள்ளுவது) இரண்டும் எபிலிட்டி செக் போட்டிகள். சூடேற்றிய உடனே உங்கள் பலசாலி அவரைத் தள்ளி வீழ்த்திப் பிடித்துக்கொள்ளட்டும். பிடிபட்டவரின் வேகம் பூஜ்யம், எழுந்திருக்கவே முடியாது. நீங்கள் சுவருக்குப் பின்னால் போய்விடுங்கள். அடி வாங்கினால் 10 அல்லது பாதிச் சேதம், எது அதிகமோ அதை எதிர்த்துச் சேவ் போட வேண்டும். தோற்றால் கான்சன்ட்ரேஷன் போச்சு.

படி 5: மைனர் இல்யூஷன், டி.எம்.மிடம் கேட்கும் விதம்

இது ஸ்லாட் தின்னாத கான்ட்ரிப். ஐந்தடிக் கனசதுரத்துக்குள் ஓர் உருவம் அல்லது ஒரு சத்தம், இரண்டும் ஒன்றாக வராது. நகரும் உருவம் வேண்டாம், அசையாத பாறை, மரப்பெட்டி போதும். போலியா என்று ஆராய எதிரி ஒரு ஆக்‌ஷன் செலவழிக்க வேண்டும், நமக்கு அதுதான் லாபம். அம்பு ஊடுருவிப் போனால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"பெட்டி ஒன்றை உருவாக்குகிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "பெட்டிக்குள் நான் மறைகிறேன், அவன் அம்புக்கு என்னைக் காணக் கூடாது, இது நடக்குமா?" என்று நோக்கத்தையும் சேர்த்து, ஸ்லாட்டோ ஆக்‌ஷனோ செலவாகும் முன்பே கேளுங்கள். பெட்டிக்குள் இருந்து நீங்கள் வெளியே பார்க்க முடியுமா என்பதில் மேசைக்கு மேசை தீர்ப்பு மாறும்.

எதிரியின் நுரையீரலில் தண்ணீர் நிரப்பலாமா என்று கேட்காதீர்கள். கிரியேட் ஆர் டிஸ்ட்ராய் வாட்டரில் தண்ணீர் திறந்த பாத்திரத்திலோ மழையாகவோதான் வரும் என்று விதியிலேயே இருக்கிறது.

பின்சேர்க்கை: 2024 விதிகளில் ஆடுபவர்களுக்கு

கிரீஸ் எரியாது என்று இப்போது வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள். நான்காம் படியின் கூட்டணி பாதி உடைந்துவிட்டது: கிராப்பிளும் ஷவ்வும் இப்போது சேவிங் த்ரோ, சூட்டின் டிஸ்அட்வான்டேஜ் அதைத் தொடாது. பிடியிலிருந்து விடுவித்துக்கொள்வது மட்டும் இன்னும் எபிலிட்டி செக்தான். ஆகவே முதலில் பிடித்துவிட்டு, பிறகு சூடேற்றுங்கள்.