மாயக் கதையை ஸ்டூடியோவில் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு குகை. குகைக்குள் கூண்டு, கூண்டுக்குள் கிளி, கிளிக்குள் அரக்கனின் உயிர். பாட்டி சொன்ன இந்தக் கதையைத்தான் இரண்டாம் ஆண்டு புகைப்பட ஸ்டூடியோ பயிற்சிக்கு எடுத்துக்கொண்டேன். தெர்மோகோலில் ஏழு மலைகளை வெட்டினோம். நீல சாட்டின் துணியைக் கடலாக விரித்தோம். சீரியல் பல்பு, புகை மிஷின், வாடகை நகை என்று ஒன்றையும் விடவில்லை. படத்தை லேப்டாப்பில் திறந்தபோது பள்ளி ஆண்டுவிழா மேடை போல இருந்தது. மலை, கடல், அரசகுமாரி எல்லாமே ஒரே வெளிச்சத்தில். எதை முதலில் பார்ப்பது என்றே தெரியவில்லை.

முழுக் கதையையும் ஒரே படத்தில் சொல்ல நினைத்ததுதான் தவறு. கதை நகர்ந்துகொண்டே இருக்கும், படம் ஒரே இடத்தில் நிற்கும். அதனால் ஒரு கணத்தைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். அடுத்த செமஸ்டரில் அதே கதையை மறுபடி எடுத்தபோது, அரசகுமாரி கூண்டின் கதவில் கை வைக்கும் கணத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரு பெண், ஒரு கூண்டு, ஒரு சுவர். மலைகள் தேவைப்படவே இல்லை.

கணம் முடிவானதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கதைக்குள் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? குகை என்றால் மேலே ஒரு பிளவு, அல்லது கையில் ஒரு விளக்கு. காடு என்றால் நிலா. மாணவர்கள் பெரும்பாலும் இதைக் கேட்காமலேயே இரண்டு பக்கமும் சம அளவில் ஃபிளாஷ் வைத்துவிடுகிறார்கள். அது கல்யாண ரிசப்ஷனில் எல்லார் முகமும் தெரிவதற்காக வைக்கிற வெளிச்சம். அங்கே அது சரி. மாயக் கதைக்கு இருட்டும் வேண்டும். கதையில் காரணம் இல்லாத விளக்கை ஸ்டூடியோவிலும் அணைத்துவிடுங்கள்.

அப்புறம் மாடலைச் சுவரோடு ஒட்டி நிறுத்துவது இன்னொரு தவறு. விளக்கிலிருந்து தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிவிடும், நான்கு மடங்கானால் பதினாறில் ஒரு பங்கு. விளக்கு மாடலிடமிருந்து 1 மீட்டரிலும் சுவர் விளக்கிலிருந்து 4 மீட்டரிலும் இருந்தால், சுவரில் விழுவது நான்கு ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). வெள்ளைச் சுவர்கூட கரும்சாம்பலாகத் தெரியும். எங்கள் குகை இப்படித்தான் பெயிண்ட் இல்லாமல் கிடைத்தது. சின்ன அறையில் கூரையும் பக்கச் சுவர்களும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிக் காரியத்தைக் கெடுக்கும். அங்கே கறுப்புத் துணி தொங்கவிட வேண்டும்.

சீரியல் பல்பு எல்லாருக்கும் பிடிக்கும், படத்தில் மட்டும் செத்துப்போன புள்ளிகளாக வரும். காரணம், ஃபிளாஷுக்காக ஷட்டரை 1/200 நொடியில் வைத்திருப்போம். ஃபிளாஷ் வெளிச்சம் அதைவிடக் குறைந்த நேரத்தில் அடித்து முடிந்துவிடுகிறது. படத்தில் அதன் அளவைத் தீர்மானிப்பது ஷட்டர் அல்ல, அப்பெர்ச்சர், அதாவது லென்ஸின் துளை. பல்பின் வெளிச்சத்துக்கோ ஷட்டர் திறந்திருக்கும் நேரமும் முக்கியம். கேமராவை ட்ரைபாடில் வைத்து, டியூப்லைட்டையும் ஃபிளாஷிலேயே தொடர்ந்து எரியும் மாடலிங் லைட்டையும் அணைத்துவிட்டு, 1/8 நொடியில் தொடங்கிப் பாருங்கள். பல்புகள் ஒளிரும், முகத்தை ஃபிளாஷ் உறைய வைத்துவிடும். பல்பு மஞ்சள், ஃபிளாஷ் பகல் நிறம். ஃபிளாஷை நிலா என்றும் பல்புகளை விளக்கு என்றும் கதை சொன்னால் இரண்டையும் அப்படியே விடலாம். இல்லையென்றால் ஃபிளாஷுக்கு முன்னால் ஆரஞ்சு ஜெல் (நிறக் கண்ணாடித் தாள்) போட வேண்டும்.

செட்டுக்கு நிறையச் செலவு செய்தால் படம் வந்துவிடும் என்று நானும் நம்பியிருந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரனைப் பற்றிப் படித்தபோதுதான் அது மாறியது. 1815-ல் கல்கத்தாவில் பிறந்து, கடைசிக் காலத்தில் இலங்கையில் வாழ்ந்து, 1879-ல் அங்கேயே மறைந்தவர். இங்கிலாந்தின் வைட் தீவில் ஒரு கோழிக் கொட்டகைதான் அவருடைய ஸ்டூடியோ. 1874 வாக்கில் ஆர்தர் அரசன் கதைகளைப் படமாக்கியபோது உறவினர்களும் தெரிந்தவர்களும்தான் ராஜா, ராணி. படகைச் சுற்றி அலை வேண்டும் என்றதும் மெல்லிய வெள்ளைத் துணியை விரித்தார். நிலாவை நெகடிவிலேயே கீறினார். அந்தத் துணி ஏன் அலையாகத் தெரிகிறது, என் சாட்டின் ஏன் தெரியவில்லை? பளபளப்பான துணி ஃபிளாஷை அப்படியே திருப்பி அடிக்கும். மங்கலான துணியில் மடிப்புகள் தெரியும். ஜரிகைக்கும் கவரிங் நகைக்கும் இதே சிக்கல்தான். அவற்றின் எதிரே பெரிய தெர்மோகோல் அட்டையை வைத்து, விளக்கை அதில் பட்டுத் திரும்பும்படி அடியுங்கள். நகை அந்த வெள்ளைப் பரப்பைப் பிரதிபலித்து மெதுவாக மின்னும்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு ஒன்று. அரசகுமாரி வேஷம் என்றதும் மாடலின் நிறத்தைவிட இரண்டு ஷேடு வெளுப்பான ஃபவுண்டேஷனைப் பூசிவிடுகிறார்கள். ஃபிளாஷில் முகம் சாம்பல் பூத்தது போலாகி, கழுத்தும் கையும் வேறு ஆளுடையது போலத் தெரியும். சன்ஸ்கிரீன் கலந்த க்ரீமும் சில வெள்ளைப் பவுடர்களும் இதை இன்னும் கூட்டும். என் பாட்டி அந்தக் கதையில் அரசகுமாரியின் நிறத்தைச் சொன்னதே இல்லை. கறுத்த தோலுக்குப் பெரிய விளக்கைப் பக்கவாட்டில் கொண்டுவந்தால் கன்னத்திலும் தோளிலும் ஒரு மினுமினுப்பு ஓடும், முகத்தின் வடிவம் அதிலேயே எழும்பி வரும். அந்த அழகை வெளுப்பு பூசி மூடாதீர்கள்.

கண்ணருகே கைவினைக் கடை ஜிகினா போடாதீர்கள், கருவிழியைக் கீறிவிடும். முகத்துக்கென்றே விற்பதை மட்டும் வாங்குங்கள்.

புகையை முன்னாலிருந்து விளக்கடித்தால் படம் முழுக்கச் சாம்பல் திரை விழுந்துவிடும், பின்னாலிருந்து அடித்தால்தான் அது சுருள்சுருளாகத் தெரியும். ஃபோகஸைப் புகை விடுவதற்கு முன்பே பூட்டிவிடுங்கள். புகைக்காக உலர் பனிக்கட்டி (டிரை ஐஸ்) வைத்தால், அது மைனஸ் 78 டிகிரி குளிர், வெறுங்கையால் தொடக்கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். மூடிய அறையில் உறங்கும் அரசகுமாரியாக ஒருவரைத் தரையில் படுக்கவைத்துவிட்டு அதைப் பயன்படுத்துவது உயிருக்கே ஆபத்து. நெட் துணி கவுன் பக்கத்தில் சாம்பிராணி, கற்பூரம் எதுவும் வேண்டாம்.

கிளி விஷயத்துக்கு வருகிறேன். உயிருள்ள பச்சைக்கிளியை யாரிடமாவது வாங்கிக் கூண்டில் வைக்கலாம் என்று யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். நம் ஊர்ப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், ஃபிளாஷ் வெடிக்கிற அறையில் அந்தப் பறவை என்ன பாடுபடும்? நாங்கள் அட்டையில் ஒரு கிளியை வெட்டி, அதன் நிழலைச் சுவரில் விழ வைத்தோம். வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டியான சாஃப்ட்பாக்ஸ் மாட்டிய விளக்கில் நிழல் கலங்கிப் போனது. அதைக் கழற்றிவிட்டு, அட்டையைச் சுவருக்குப் பக்கத்தில் நகர்த்தியதும் அலகு வரை கூர்மையாக விழுந்தது. கூண்டு காலி, சுவரில் மட்டும் கிளி. உயிர் எங்கே ஒளிந்திருக்கிறது என்ற கதை அந்த நிழலிலேயே வந்துவிட்டது.

முதல் முறை நான்கு மணி நேர வாடகையில் இரண்டரை மணி நேரம் மலை ஒட்டுவதிலேயே போயிற்று. மாடல் மேக்கப்போடு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காட்சியை முதலில் தாளில் வரையுங்கள், நண்பரை நிற்கவைத்து விளக்கைச் சரிசெய்யுங்கள், மாடலைக் கடைசியில் கூப்பிடுங்கள். இருட்டு அறையில் கேமராவின் சின்னத் திரை படத்தை உள்ளதைவிடப் பிரகாசமாகக் காட்டும். அதனால் படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள். முடிந்தால் இரண்டு படத்தை லேப்டாப்பில் பெரிதாக்கிக் கண் ஃபோகஸில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் செட்டைக் கழற்றுங்கள்.