எம்.ஜி.பி. கார் கிளட்ச்: கிரீஸ் வைக்கும் இடமும் வைக்கவே கூடாத இடமும்

திருநெல்வேலி ஈரடுக்குப் பாலத்தில் நெரிசலுக்கு நடுவே மெல்ல ஏறும்போது, பெடலை விட்டதும் வண்டி மொத்தமும் உதறுகிறதா? புது கிளட்ச் பிளேட் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லையா? பிளேட்டைக் குறை சொல்லும் முன் அதில் எண்ணெய்ப் பசை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். எம்.ஜி.பி. என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் கிளட்ச் கெடுவதற்குப் பல நேரம் கிரீஸும் ஒரு காரணம்: வேண்டாத இடத்தில் அள்ளிப் பூசியிருப்பார்கள், வேண்டிய இடத்தை மறந்திருப்பார்கள்.

1962 முதல் 1980 வரை தயாரான இந்தக் காரில் கியர்பாக்ஸை மட்டும் கீழ்வழியாக உருவ முடியாது. கிளட்சைத் தொட என்ஜினையே வெளியே தூக்க வேண்டும். அதனால் முதல் தவறு, அவசரப்பட்டுத் தூக்குவது. ரிவர்ஸ் போடும்போது கடகடவென்று பல் உரசினால், பெடலையும் மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தை ஆயில் வழியே கிளட்சுக்கு அனுப்புவது) ராடையும் இணைக்கும் பின்னைக் கழற்றி நகத்தால் தடவிப் பாருங்கள். படிக்கட்டு போல் தேய்ந்த பள்ளம் தட்டுப்படும். பின்னும் ஓட்டையும் தேய்ந்தால் பெடல் சும்மா இறங்கும். கிளட்ச் முழுதாக விலகாது. புதுப் பின் போட்டு, ஓட்டை நீள்வட்டமாகியிருந்தால் வெல்டிங் அடைத்துத் துளையிட்டாலே பல வண்டிகள் சரியாகிவிடும்.

தூக்கியே ஆக வேண்டுமென்றால் கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டைத் தள்ளும் ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸ் ஷாப்டின் முனையைத் தாங்கும் பைலட் புஷ் நான்கையும் ஒருசேர மாற்றுங்கள். 1964 கடைசியில் வந்த ஐந்து பேரிங் என்ஜினாக இருந்தால் கிராங்க் பின்பக்க ஆயில் சீலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய பிளேட்டின் தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதவே கூடாது. அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

அதிகம் கெடுவது ரிலீஸ் பேரிங்கில். இந்தக் காரில் அதற்குக் குண்டுகள் கிடையாது. இரும்புக் கிண்ணத்தில் பதித்த கிராபைட் வளையம்தான். கிராபைட்டுக்கு வழவழப்பு இயல்பிலேயே உண்டு. "காய்ந்து கிடக்கிறதே" என்று இரக்கப்பட்டு அதில் கிரீஸ் தடவுகிறார்கள். சூட்டில் அது இளகி, சுழற்சியில் தெறித்து, பிளேட் முகத்தில் போய் ஒட்டும். ஒரு சொட்டும் வேண்டாம். வண்ணார்பேட்டை சிக்னலில் கியரைப் போட்டுப் பெடலை மிதித்தபடியே நிற்பதும் இதே பேரிங்கைத்தான் தின்னும். நியூட்ரலுக்கு வந்து காலை எடுத்துவிடுங்கள். கால் பழக்கம் சரியாக இருந்தால் கிராபைட்டே போதும். ரோலர் வகைக்கு மாற்ற அவசியமில்லை.

கியர்பாக்ஸ் ஷாப்டின் ஸ்பிளைனுக்கு (கிளட்ச் பிளேட் ஓடும் நீளவாட்டுப் பள்ளங்கள்) கிரீஸ் தேவை. ஆனால் அளவு முக்கியம். பள்ளங்களைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, மாலிப்டினம் கலந்த, சூடு தாங்கும் கிரீஸை இரண்டு மூன்று நெல்மணி அளவு எடுத்துத் தடவுங்கள். புது பிளேட்டை அதன்மேல் முழு நீளத்துக்கும் ஓட்டி வெளியே எடுங்கள். முனையில் கரும்வளையமாகத் திரளும் மிச்சத்தைப் பனியன் துணியால் துடைத்து, மறுபடி ஓட்டித் துடையுங்கள். கருநிறப் படலம் மட்டும் மிஞ்சினால் போதும். ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் கிளட்ச் போர்க்கின் அச்சாணிக்கும் இப்படியே மெலிதாகப் பூசுங்கள்.

பைலட் புஷ் துளைத்தன்மை உள்ள வெண்கலம். எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும். கிரீஸ் வைத்தால் துளைகள் அடைபடும். புஷ்ஷின் ஒரு வாயைக் கட்டைவிரலால் மூடி, என்ஜின் ஆயிலை நிரப்பி, மறு வாயில் இன்னொரு கட்டைவிரலை வைத்து அழுத்துங்கள். கொஞ்ச நேரத்தில் புஷ்ஷின் வெளிச்சுவரில் வியர்வை போல் எண்ணெய் முத்துமுத்தாய் அரும்பும். அப்போது மாட்டலாம்.

புது பிரஷர் பிளேட்டில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெய் இருக்கும். அதைத் தின்னரால் துடைக்காமல் மாட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை. கிளட்ச் பிளேட்டைத் திருப்பிப் போடுவது அதைவிடப் பெரிய பிழை: ஸ்பிரிங் புடைத்த பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். கிளட்ச் பிளேட்டைச் சென்டர் பண்ண, லேத் பட்டறை அண்ணாச்சியிடம் பழைய ஷாப்டின் அளவைக் கொடுத்து ஒரு கட்டை கடைந்து வாங்கிக்கொள்ளலாம். போல்ட்களை எதிரெதிராக அரை அரைச் சுற்றாக முறுக்குங்கள். ஒருபக்கமே இறுக்கினால் மூடி வளைந்துவிடும். என்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கும்போது எதன் பாரமும் பிளேட்டில் தொங்கக்கூடாது. தொங்கினால் பிளேட்டின் நடுப்பகுதி கோணி, அதன்பின் கிளட்ச் முழுதாக விலகாமல் இழுத்துக்கொண்டே இருக்கும்.

மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர் (கிளட்ச் போர்க்கைத் தள்ளுவது) ரப்பர்களைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவினால் ஊதிவிடும். பிரேக் ஆயிலால் மட்டுமே கழுவி, ரப்பருக்கென்றே உள்ள சிவப்புக் கிரீஸை லேசாகத் தடவுங்கள். டாட் 4 பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்து வைத்த டப்பாவை மறுபடி பயன்படுத்தாதீர்கள். வண்டியில் உள்ளதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பெடலை அடித்து அடித்துப் பார்த்தும் ஏர் போகவில்லையென்றால், ஸ்லேவ் சிலிண்டர் நிப்பிளிலிருந்து சிரிஞ்சால் மேல்நோக்கி ஆயிலைத் தள்ளுங்கள். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

முதல் 500 கிலோமீட்டருக்குப் பாபநாசம் காரையாறு மலைரோடு வேண்டாம். சமதரையில், ஹாப் கிளட்ச் (பெடலைப் பாதி மிதித்தபடி ஓட்டுவது) இல்லாமல் ஓட்டுங்கள்.