கீழே வண்டி, மேலே மீட்டர்: அடுக்குமாடியில் சார்ஜிங் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் குடியிருப்பு வேலூரில், காட்பாடிப் பக்கம் இருக்கிறது. பதினான்கு வீடு, தரைத்தளத்தில் தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் ஸ்டில்ட் பார்க்கிங், ஒரு லிஃப்ட், ஒரு போர் மோட்டார். சங்கச் செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்த வருடம்தான் முதல் மின்சார ஸ்கூட்டர் கேட்டுக்குள் வந்தது. அது எங்கே சார்ஜ் ஆகிறது என்று யாரும் கேட்கவில்லை. மோட்டார் ரூமின் வெளிச்சுவரில், பெயின்டரும் வெல்டரும் வந்தால் பயன்படட்டும் என்று ஒரு சாக்கெட் வைத்திருந்தார்கள். அதில்தான் ஆகிக்கொண்டிருந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் பிளக்கைப் பிடுங்கினால் வரவில்லை. சாக்கெட்டின் ஒரு துளை பழுப்பேறி, இளகி, பிளக்கின் பின்னோடு ஒட்டிக்கொண்டிருந்தது. போர்டைக் கழற்றினோம். படிக்கட்டு லைட்டுக்குப் போகும் ஒல்லி வயரிலிருந்து முறுக்கி எடுத்த இணைப்பு, மேலே கறுப்பு டேப். டேப் பிசுபிசுவென்று கையோடு வந்தது.

ஸ்கூட்டர் சார்ஜர் இழுப்பது பெரும்பாலும் 750 வாட்தான். மூணேகால் ஆம்பியர். அயர்ன் பாக்ஸும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இழுக்கும். ஆனால் அயர்ன் பாக்ஸ் பத்து நிமிஷம், இது ஒவ்வொரு முறையும் ஐந்து மணி நேரம். லூஸான ஒரு முறுக்கு பத்து நிமிஷத்தில் காட்டாத சூட்டை ஐந்து மணி நேரத்தில் காட்டிவிடும். காருக்கு வந்தால் கதையே வேறு. வீட்டில் போடும் சாதாரண சார்ஜர் 3.3 கிலோவாட், அதாவது பதினான்கு ஆம்பியருக்கு மேல், இரவு முழுக்க. ‘பதினாறு ஆம்பியர் பவர் பிளக்தானே, தாங்கும்’ என்பார்கள். கீசருக்குத் தாங்கும். எட்டு மணி நேரத்துக்கு அந்த மலிவு சாக்கெட் தாங்காது. தொழிற்சாலைகளில் மூடியோடு நீல நிறத்தில் இருக்குமே, அந்த இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டைப் போடுங்கள். அதற்குத் தனி வயர், கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் எம்சிபி ஸ்விட்சும் தனி. ஏற்கெனவே இருக்கும் எந்த சர்க்யூட்டிலும் தொங்கவிடாதீர்கள்.

இதை நான் பூச்சாண்டி காட்டச் சொல்லவில்லை. 2022 மார்ச்சில் இதே வேலூரில், இரவில் சார்ஜில் போட்ட மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அந்த ஆண்டு நாட்டில் பல இடங்களில் ஸ்கூட்டர்கள் எரிந்த பிறகுதான் பேட்டரிக்கான ஏஐஎஸ் 156 பாதுகாப்பு விதிகள் இறுக்கப்பட்டன. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்தைய வண்டிகள் இன்னும் நம் பார்க்கிங்கில் நிற்கின்றன. ஆகவே மாடிப்படிக்குக் கீழே சார்ஜிங் பாயிண்ட் வைப்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அங்கே நெருப்பு பிடித்தால் புகை நேராக மேலே ஏறும், மேலே இருப்பவர்கள் இறங்க இருக்கும் ஒரே வழியும் அதுதான். கழற்றும் பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுபோய், வாசற்கதவுப் பக்கமாகச் சார்ஜ் போடுவதும் இதே தவறுதான்.

சரி, மீட்டர் விஷயத்துக்கு வருவோம். சாக்கெட் உருகியதைவிட அதற்கப்புறம் நடந்த கூட்டம்தான் சூடாக இருந்தது. மூன்றாவது மாடி டீச்சரம்மா எழுந்தார். “எங்கிட்ட சைக்கிள்கூடக் கெடையாது சார். பொது பில்ல நான் எதுக்குக் கட்டணும்?” ஸ்கூட்டர்காரப் பெண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து தூங்காமல் வந்து உட்கார்ந்திருந்தார். “நான் குடுக்க மாட்டேன்னு எப்ப சார் சொன்னேன்? எவ்ளோன்னு யாரும் சொல்லலையே” என்றார். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான்.

அன்றைக்கே காகிதத்தில் கணக்குப் போட்டோம். மூன்று யூனிட் பேட்டரி, சார்ஜரில் போகும் நஷ்டத்தையும் சேர்த்து ஒரு முறைக்கு மூன்றரை யூனிட். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் இரண்டு மாதத்துக்கு 105 யூனிட். பொது இணைப்பில் யூனிட் எட்டரை ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 900 ரூபாய்க்குப் பக்கம். பதினான்கால் வகுத்தால் வீட்டுக்கு 64 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 64 ரூபாய்க்காக முகம் திருப்பிக்கொண்டு போனவர்கள் எங்கள் கட்டடத்தில் உண்டு. அந்த சாக்கெட்டில் ஓடும் யூனிட்டை மட்டும் அளக்கும் ஒரு சப்-மீட்டர் வாங்கி மாட்டியிருந்தால் முதல் நாளே தீர்ந்திருக்கும். பத்து வீட்டுக்கு மேல் போகாத, மூன்று மாடிக்குள் அடங்கிய, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு 2023-ல் பொதுக் கட்டணத்தை ஐந்தரை ரூபாயாகக் குறைத்தார்கள். சத்துவாச்சாரி, பாகாயம் பக்கம் அப்படிப்பட்ட கட்டடங்கள் நிறைய. அங்கே சண்டைக்கான தொகை இன்னும் குறைவு. சண்டை குறையும் என்று சொல்ல முடியாது.

‘சங்கம் காசு வாங்கிக்கொண்டு கரண்ட் விற்கலாமா?’ என்று ஒருவர் கேட்டார். மின்வாகனத்துக்குச் சார்ஜ் ஏற்றுவது சேவைதான், மின்சார விற்பனை அல்ல, அதற்கு உரிமம் வேண்டியதில்லை என்று மத்திய மின்துறை 2018 ஏப்ரலிலேயே தெளிவாக்கிவிட்டது.

‘எதுக்கு வம்பு, அவரவர் வீட்டு மீட்டரிலிருந்து கீழே வயர் இழுத்துக்கொள்ளட்டும்’ என்பது அடுத்த யோசனை. ஸ்கூட்டருக்குச் சரி. காருக்கு இதைச் செய்யும் முன் வீட்டு பில்லை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் கார், யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் கொடுத்தால், இரண்டு மாதத்தில் நஷ்டத்தோடு 300 யூனிட்டைத் தாண்டும். வீட்டுச் செலவு 350 இருந்தால் மொத்தம் 650. நம் ஊர் வீட்டுக் கட்டணத்தில் 500 என்பது வெறும் படி இல்லை, பள்ளம். அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு விலை ஏறுவதோடு, 101 முதல் 200 வரைக்கான சலுகை விலையும் கையை விட்டுப் போகிறது. பெட்ரோலில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கை ஈபி பில்லில் கொடுப்பதற்குப் பதில், வாகனச் சார்ஜிங்குக்கென்று தனி இணைப்பு கேட்கலாம். 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள் இதற்கு இடம் கொடுக்கின்றன. எந்தக் கட்டண வகையில் போடுவார்கள், மாதா மாதம் நிலைக்கட்டணம் எவ்வளவு வரும் என்பதை மட்டும் விண்ணப்பிக்கும் முன்பே உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டு இணைப்பிலேயே போடுவதாக இருந்தால் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று பார்த்து, முதலில் அதை ஏற்றுங்கள். கார் வந்து நின்ற பிறகு ஓடுகிறார்கள் பலர்.

வாகனம் நிற்கும் இடம் யாருடையது என்பதில் ஒரு குழப்பம் எப்போதும் உண்டு. ‘பில்டர்கிட்ட காசு குடுத்து வாங்கின பார்க்கிங், நான் சுவத்துல ஆணி அடிப்பேன், ட்ரில் போடுவேன்’ என்பார்கள். ஸ்டில்ட் பார்க்கிங்கை பில்டர் தனியாக விற்க முடியாது, அது பொதுப் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2010-ல், மகாராஷ்டிரச் சட்டத்தை வைத்து வந்த ஒரு வழக்கில் சொன்னது. தூணும் சுவரும் எல்லாருக்கும் பொது. கேட்டு, மினிட்ஸ் புத்தகத்தில் எழுதி, அப்புறம் ட்ரில்லைத் தூக்குங்கள். எழுதும்போது வீட்டை விற்றால் வயரும் பெட்டியும் யாருக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வாடகைக்கு இருப்பவர் என்றால் வீட்டுக்காரரின் கடிதம் வேண்டும். நம் ஊரில் பாதி வீட்டுக்காரர்கள் துபாயிலோ சென்னையிலோ இருப்பார்கள், வாட்ஸ்அப்பில் கையெழுத்துப் போட்ட படம் வந்தால் போதும்.

இனி நான் முக்கியம் என்று நினைக்கும் தவறு. ஒவ்வொருவராக வருவது. முதல் கார்க்காரர் வருகிறார். கார் கம்பெனி அனுப்பிய ஆள், குறிப்பிட்ட மீட்டர் வரை வயர் இலவசம் என்பதால் மிகக் குறுகிய வழியைப் பார்க்கிறார். லிஃப்ட் டக்ட் ஓரமாக, தண்ணீர்க் குழாயோடு சேர்த்து கட்டி, டிரைவ்வேக்கு மேலே தொங்கவிட்டுப் போய்விடுகிறார். இரண்டாமவர் அதன் பக்கத்தில் இன்னொன்று. நான்காவது ஆள் வரும்போது மீட்டர் போர்டிலிருந்து வெளியே வர ஓட்டையே இல்லை. பதினான்கு பேரும் கார் வாங்கி, பதினான்கு பேரும் ஒன்பது மணிக்குச் சொருகினால் 46 கிலோவாட். கட்டடத்துக்கு வரும் கேபிள் அதைத் தாங்குமா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

முதல் ஆள் கேட்கும்போதே கட்டடத்துக்கென்று யோசித்துவிட வேண்டும். மீட்டர் ரூமிலிருந்து பார்க்கிங் நடுவே ஒரு தடித்த கேபிள், அங்கே ஒரு விநியோகப் பெட்டி, அதில் எல்லாருக்கும் இடம், அங்கிருந்து ட்ரேயில் கிளைகள். பெட்டியும் ட்ரேயும் சங்கச் செலவு. கிளையும் சப்-மீட்டரும் அவரவர் செலவு. டீச்சரம்மா இதற்கு ஒத்துக்கொண்டார், ‘நாளைக்கு என் பையன் வாங்கினா?’ என்று அவரே கேட்டுக்கொண்டு. நேரத்தைப் பிரித்துக்கொண்டால் லோடும் பயப்படும் அளவுக்கு வராது. பத்து மணிக்குப் பாதிப் பேர், இரண்டு மணிக்கு மீதிப் பேர் என்று டைமர் வைக்கலாம், இல்லையென்றால் லோடைத் தானே பகிரும் சார்ஜர்களை வாங்கலாம். ஃபாஸ்ட் சார்ஜர் விற்க வருபவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். 3.3 கிலோவாட்டில் எட்டு மணி நேரம் நின்றால் 26 யூனிட், 170 கிலோமீட்டர் ஓடும். காட்பாடியிலிருந்து சென்னைக்கே அவ்வளவு தூரம் இல்லை.

வயர் தடிமனையும் தூரத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நாற்பது மீட்டருக்கு இரண்டரை ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் போட்டால் 3.3 கிலோவாட்டில் எட்டரை வோல்ட் வழியிலேயே போய்விடும். நான்கு போட்டால் ஐந்து சொச்சம். மே மாத வெயிலில் பைப்புக்குள் ஏழெட்டு வயரை நெருக்கித் திணித்தால் சூடு இன்னும் கூடும். கடைக்காரர் இரண்டரை போதும் என்றாலும் நான்குக்குக் குறையாதீர்கள், 7.2 கிலோவாட் சார்ஜர் என்றால் ஆறு.

அப்புறம் எர்த். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் செலவு குறைவு, விளைவு உயிர். எங்கள் இரண்டாவது வண்டி ஒரு கார். மாட்டிய அன்று ராத்திரி சார்ஜர் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிட்டது. எர்த் சரியில்லை என்று சொல்கிறது. அவசரத்துக்கு அழைத்த எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார், சாக்கெட்டைத் திறந்தார், ஒரு சின்ன வயர்த் துண்டை எடுத்து நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்தார். பச்சை விளக்கு வந்துவிட்டது. முன்னூறு ரூபாய் வாங்கிக்கொண்டு கிளம்பினார். எல்லாருக்கும் சந்தோஷம்.

சார்ஜரை ஏமாற்றும் வேலை அது. பின்னால் எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால், கரண்ட் அந்தத் துண்டு வழியாக வண்டியின் உடம்புக்கு வந்துவிடும். ஈரக் காலோடு கார்க் கதவைத் தொடுபவர் கதி? அடுத்த வாரம் வேறொருவர் வந்து பார்த்துத் திட்டிவிட்டு அதைப் பிடுங்கிப் போட்டார். எர்த் கம்பி மண்ணில் இறங்கும் குழி, அதாவது எர்த் பிட், எங்கே என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. பழைய செயலாளரை அழைத்து, அவர் காட்டிய மூலையில் பேவர் பிளாக்கைப் பெயர்த்தால் கீழே இருந்தது. மூடி துருப்பிடித்து, கம்பியில் பச்சை பூத்து, மண் எலும்பாகக் காய்ந்து கிடந்தது. நம் பக்கம் பாதி இடத்தில் தோண்டினால் பாறை. இருக்கிற மண்ணும் சித்திரை வைகாசியில் தண்ணீர் காணாது. காய்ந்த மண்ணில் எர்த் பிட் பெயருக்குத்தான். சார்ஜிங்குக்கென்று இரண்டு புது பிட் போட்டோம், எர்த் டெஸ்டர் வைத்து அளந்து, வந்த அளவை எழுதி வாங்கினோம். வாட்ச்மேன் அண்ணன் வெயில் காலத்தில் செடிக்கு விடும்போது அதற்கும் ஒரு குடம் விடுகிறார்.

இதோடு சேர்த்து ஒவ்வொரு பாயிண்டுக்கும், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. கடையில் கேட்காமல் கொடுப்பது ஏசி டைப். காருக்கு ‘ஏ’ டைப்பும், சார்ஜரில் டிசி கசிவைப் பார்க்கும் வசதியும் வேண்டும், சார்ஜரில் அது இல்லையென்றால் ‘பி’ டைப். அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று அதைக் கழற்றி நேராக இணைக்கச் சொல்பவர் நிச்சயம் ஒருவர் இருப்பார். ட்ரிப் ஆவது அதன் வேலை.

மழைக்கு ஒரு வார்த்தை. 2021 நவம்பரில் பாலாறு எப்படி வந்தது என்று பார்த்தோம். ஆறு வரவே வேண்டாம், ஐப்பசியில் ஒரு ராத்திரி கொட்டினால் தெருத் தண்ணீர் ஸ்டில்ட்டுக்குள் வந்து நிற்கிறது. சாக்கெட்டை இடுப்புக்கு மேலே வையுங்கள், சாரல் படும் தூணை விட்டுவிடுங்கள்.

ஜெனரேட்டரை மறந்துவிடாதீர்கள். நாங்கள் மறந்தோம். சார்ஜிங் பெட்டியைப் பொதுப் பேனலில் கொடுத்திருந்தோம். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் போன அன்று ஜெனரேட்டர் ஓட, அது லிஃப்ட்டோடு சேர்த்து இரண்டு காரையும் தூக்கப் பார்த்துத் திணறியது. டீசல் எரித்துக் காருக்கு கரண்ட் ஏற்றிய பெருமை எங்களுக்கு உண்டு. இப்போது அது ஜெனரேட்டர் லைனுக்கு வெளியே இருக்கிறது. கேட்டுக்குப் பக்கத்தில், மொத்த சார்ஜிங்கையும் ஒரே இழுப்பில் நிறுத்தும் ஸ்விட்ச் ஒன்று தனியாக இருக்கிறது. வாட்ச்மேன் அண்ணன் அதன் மேல் சிவப்பு பெயின்டில் ‘வண்டி கரண்ட்’ என்று எழுதி வைத்திருக்கிறார்.